மழைத் தொழுகைக்கு முன் திருப்பித் தர வேண்டியவை

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் ரியாவ் என்றொரு மாகாணம் உண்டு. அதன் தலைநகர் பெக்கன்பாரு. 2019ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அந்நகரில் மழை வேண்டித் தொழுகை நடைபெற்றது. அப்போது அந்நாட்டின் அதிபராயிருந்த ஜோகோ விடோடோ அவர்களும் மக்களோடு மக்களாக ஸஃப்பில் நின்றார். சுற்றிலும் காடும் சதுப்பு நிலமும் எரிந்துகொண்டிருந்தன. ஊரைப் புகை மூடியிருந்தது. விமானத்திலிருந்து தண்ணீர் கொட்டியும் அணையாத நெருப்பை மழையை அனுப்பி அணைத்துத் தரும்படி அல்லாஹுதஆலாவிடம் கையேந்தினார்கள்.

அந்த நெருப்பில் பெரும்பகுதி மனிதர்கள் வைத்தது. வைத்தவர்கள் யாரோ, தொழுதவர்கள் யாரோ. ஆனாலும் ஒரு கேள்வி எழுகிறது. கையால் மூட்டிய நெருப்பை அணைக்க மழை கேட்கும்போது, ஷரீஅத் நம்மிடம் முதலில் எதை எதிர்பார்க்கிறது? இம்மாதப் பாடத்தில் இதைப் பார்ப்போம்.

மழைத் தொழுகையின் முறை நம்மில் பலருக்குத் தெரியும். ஷாஃபிஈ மத்ஹபின்படி, இமாம் மக்களை மூன்று நாட்கள் நோன்பு நோற்கச் சொல்வார். நான்காம் நாள் நோன்போடு, அலங்காரமில்லாத சாதாரண உடையில், பணிவோடு திடலுக்குப் புறப்பட வேண்டும். பெருநாள் தொழுகையைப் போல இரண்டு ரக்அத்துகள். முதல் ரக்அத்தில் ஏழு, இரண்டாவதில் ஐந்து தக்பீர்கள். பிறகு இரண்டு குத்பாக்கள். பெருநாள் குத்பாவில் தக்பீர் சொல்லும் இடத்தில் இங்கே இஸ்திஃபார் ஓத வேண்டும். இரண்டாம் குத்பாவில் கத்தீபு கிப்லாவை நோக்கித் திரும்பித் தம் மேலாடையை வலம் இடமாக மாற்றிப் போடுவார்.

இவற்றையெல்லாம் நாம் சரியாகவே செய்கிறோம். தொழுகைக்கு முன்னால் உள்ள ஒன்றைத்தான் வேகமாக ஓதிக் கடந்துவிடுகிறோம். நோன்போடும் தவ்பாவோடும் சேர்த்து, 'மளாலிம்' எனப்படும் அநியாயங்களிலிருந்து வெளியேறும்படியும் இமாம் மக்களுக்கு உத்தரவிட வேண்டும் என்று ஃபுகஹாக்கள் எழுதியுள்ளார்கள். பிறரிடமிருந்து பறித்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் திடலுக்கு வர வேண்டும். பறித்ததைக் கையில் வைத்துக்கொண்டு, அதே கையை வானத்தை நோக்கி உயர்த்துவது எப்படி?

இன்னொன்றும் உண்டு. சிறுவர்களையும் முதியவர்களையும் திடலுக்கு அழைத்து வர வேண்டும். சரியான சொல்லின்படி கால்நடைகளையும் ஓட்டி வர வேண்டும் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் எழுதுகிறார்கள். மதரஸாவில் இவ்விடத்தை ஓதியபோது, ஆடும் மாடும் தொழுகைத் திடலில் நிற்கும் காட்சியை நினைத்து நமக்குள் சிரித்துக்கொண்டதுண்டு. பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் அதன் கனம் புரிந்தது. மழை மனிதனுக்கு மட்டும் பெய்வதில்லை. அது நின்றுபோனால் வாயில்லாத ஜீவன்களும் தவிக்கின்றன. பாவம் செய்யாத அவையும் நம்மோடு நின்று கேட்கட்டும் என்பது அந்தச் சட்டத்தின் உட்கருத்து. அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனம், பூமியில் ஊர்வனவும் இரு சிறகுகளால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அறிவிப்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சுமத்ரா நமக்குத் தொலைவான ஊராகத் தோன்றலாம். கிதாபைப் பொறுத்தவரை அது பக்கத்து ஊர். அவர்களும் ஷாஃபிஈ மத்ஹபினர். பொன்னானி ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) எழுதிய ஃபத்ஹுல் முயீனை நம் மதரஸாக்களில் ஓதுவதுபோல அவர்களுடைய பெஸந்த்ரன்களிலும் ஓதுகிறார்கள். அதன் மூலமான குர்ரத்துல் ஐனுக்கு ஜாவாவைச் சேர்ந்த நவவி அல்பன்தனீ (ரஹ்) விரிவுரை எழுதியிருக்கிறார்கள். ஆகவே அவர்களுடைய மஸ்அலா நம்முடைய மஸ்அலாவும்தான்.

அந்தக் காட்டில் வாழும் சமுதாயங்கள்

பிரேசில், காங்கோ ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக உலகின் வெப்பமண்டலக் காடுகளில் பெரும்பகுதியைக் கொண்ட நாடு இந்தோனேசியா. புலி, யானை, காண்டாமிருகம், ஓராங்ஊத்தான் ஆகிய நான்கும் ஒரே காட்டில் வாழுமிடம் இவ்வுலகில் சுமத்ராவின் வடபகுதியிலுள்ள லெவ்ஸர் காடு ஒன்றுதான். சுமத்ராவின் காடுகளை யுனெஸ்கோ 2004ல் உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. ஏழே ஆண்டுகளில், 2011ல், ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது.

ஜாவாவிலும் பாலித் தீவிலும் ஒரு காலத்தில் தனி வகைப் புலிகள் இருந்தன. இரண்டும் இருபதாம் நூற்றாண்டிலேயே அற்றுப்போயின. சுமத்ராவில் எஞ்சிய புலிகள் சில நூறு. சுமத்ரா காண்டாமிருகம் நூறுகூட இல்லை.

ஓராங்ஊத்தான் என்ற மலாய்ச் சொல்லுக்குக் 'காட்டு மனிதன்' என்று பொருள். இந்தக் குரங்கினத்தின் தாய் ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஈனுகிறது. குட்டி அத்தனை ஆண்டுகளும் தாயை விட்டுப் பிரியாமல், எந்த மரம் எப்போது பழுக்கும், எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது, இரவில் மரக்கிளையில் படுக்கையை எப்படி அமைப்பது என்று பாடம் படிக்கிறது. இவ்வளவு மெதுவாகப் பெருகும் இனம், வேகமான அழிவைத் தாங்காது. போர்னியோ தீவில் 1999க்கும் 2015க்கும் இடையே மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஓராங்ஊத்தான்கள் குறைந்துவிட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளார்கள். காடு அழிந்தது ஒரு காரணம், கொன்றது மற்றொரு காரணம். குட்டியை வளர்ப்புப் பிராணியாக விற்பதற்குத் தாயைச் சுட்டு வீழ்த்துகிறார்கள். தாய் உயிரோடிருக்கும்வரை குட்டி கையில் கிடைக்காது.

இதைப் படித்தபோது அபூதாவூதில் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாக வரும் ஹதீஸ் நினைவுக்கு வந்தது. பயணமொன்றில் ஸஹாபாக்கள் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைப் பிரித்து அதை வருத்தியவர் யார் என்று கேட்டு, அவற்றைத் திருப்பி விடும்படி கட்டளையிட்டார்கள். மளாலிமைத் திருப்பித் தருவது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா? அந்த ஹதீஸ் அத்தோடு முடிவதுமில்லை. அதே பயணத்தில் எறும்புப் புற்றொன்று எரிக்கப்பட்டிருப்பதையும் பெருமானார் (ஸல்) அவர்கள் பார்த்தார்கள். நெருப்பால் தண்டிக்கும் உரிமை நெருப்பின் இரட்சகனுக்கே உரியது என்ற கருத்தை அங்கேதான் எடுத்துரைத்தார்கள். பிரிக்கப்பட்ட குஞ்சும் எரிக்கப்பட்ட புற்றும் ஒரே ஹதீஸில் வருகின்றன. சுமத்ராவிலும் போர்னியோவிலும் அவ்விரண்டும் ஒரே காட்டில் நடக்கின்றன.

ஏன் அணையவில்லை?

மரம் எரிந்தால் மழையின்றியே அணைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கே எரிவது மரம் மட்டுமன்று, மண்ணே எரிகிறது. சுமத்ரா, போர்னியோ கரையோரச் சதுப்புகளில் விழுந்த இலையும் கிளையும் வேரும் தண்ணீரில் மூழ்கிக் கிடப்பதால் முழுவதும் மக்குவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அவை அடுக்கடுக்காகப் படிந்து, சில இடங்களில் பத்து மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள கரிய மண்ணாகியிருக்கின்றன. நீர் நிறைந்திருக்கும்வரை அது பற்றாது. செம்பனை நடுவதற்காகவோ காகிதக் கூழுக்கான மரம் வளர்ப்பதற்காகவோ கால்வாய் வெட்டி நீரை வடிகட்டினால், அந்த மண் காய்ந்த விறகாகிவிடுகிறது. எல் நினோ ஆண்டுகளில் மழை பொய்க்கும்போது ஒரு பொறி போதும். மேலே அணைந்ததுபோல் தெரியும். மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் கனன்று, வேறோரிடத்தில் புகைந்து எழும். அதனால்தான் அந்த மக்கள் மழையை எதிர்பார்த்து நின்றார்கள்.

இது தெரியாமல் நடந்ததென்றும் சொல்ல முடியாது. அதிபர் சுஹார்த்தோவின் ஆட்சியில் 1995ல், போர்னியோவின் மத்திய காலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்புக்காட்டை நெல் வயலாக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. நான்காயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய்கள் வெட்டினார்கள். அந்தப் புளிப்பு மண்ணில் நெல் விளையவில்லை. 1997ல் வறட்சி வந்தபோது வடிந்த நிலம் தீப்பிடித்துப் பேரழிவு நேர்ந்தது. 1999ல் திட்டம் கைவிடப்பட்டது. நெல்லும் இல்லை, காடும் இல்லை. 2015ல் மறுபடியும் நாடு முழுவதும் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மூச்சு நோய்களுக்கு ஆளானார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளிக்கூடங்களை மூட வேண்டி வந்தது. அவ்வாண்டு நஷ்டத்தை 1,600 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது.

அப்படியானால் ஏன் தீ வைக்கிறார்கள்? இயந்திரம் வைத்துக் காடு திருத்துவதைவிட நெருப்பு மலிவானது. சாம்பல் மண்ணின் புளிப்பையும் குறைக்கிறது. செலவு குறைந்தது வைத்தவனுக்கு; புகையைச் சுவாசித்தது பக்கத்து நாட்டுக் குழந்தை. கப்பலின் கீழ்த்தட்டில் இருப்பவர்கள் தங்கள் பங்கில்தானே ஓட்டை போடுகிறோம் என்று போட்டால், மேல்தட்டில் இருப்பவர்களும் மூழ்குவார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய உவமை புகாரியில் இருக்கிறது.

உயிரினங்கள் குறைந்தால் மனிதனுக்கு என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு சிறு செய்தி. செம்பனை ஆப்பிரிக்காவின் மரம். மலேசியாவில் அதைப் பயிரிட்டபோது காய்ப்புக் குறைவாயிருந்ததால், கூலியாட்களை வைத்துக் கையால் மகரந்தம் தூவி வந்தார்கள். 1981ல் கேமரூனிலிருந்து ஒரு சின்னஞ்சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வேலையை அதுவே எடுத்துக்கொண்டது. இன்றுள்ள அத்தனை பெரிய வியாபாரமும் அந்த வண்டின் முதுகில் நிற்கிறது. அவர்கள் ஆசையோடு தின்னும் துரியன் பழமும் அப்படித்தான். இரவில் அதன் பூவுக்கு வரும் வௌவால் இல்லையேல் காய் பிடிப்பது அரிது. அந்த வௌவால் பல மைல் பறந்து பலவகைப் பூக்களை நாடுவது. ஒரே மரம் நட்ட தோட்டம் அதற்குப் போதாது. காட்டில் உள்ள உயிரினங்களில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் செம்பனைத் தோட்டத்தில் காணப்படுகிறது என்று ஆய்வுகளின் சராசரி சொல்கிறது. மற்ற ஐந்து பங்கும் எங்கே போகும்? போக இடமில்லை.

காடு 'மவாத்' ஆகுமா?

இங்கே கிதாபு ஓதியவர்களே ஒரு வாதத்தை முன்வைப்பதுண்டு. செத்த பூமியை உயிர்ப்பித்தவருக்கே அது சொந்தம் என்ற ஹதீஸ் இருக்கிறதே; சும்மா கிடக்கும் காட்டைத் திருத்திப் பயிரிடுவது 'இஹ்யாவுல் மவாத்' என்னும் நற்செயல்தானே?

வாதம் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மரம் வளர்ந்து, அருவி ஓடி, புலியும் பறவையும் எறும்பும் தஸ்பீஹு செய்துகொண்டிருக்கும் இடத்தைச் செத்த பூமி என்று எப்படிச் சொல்வது? அதை எரித்துக் கரியாக்கிய பிறகுதான் அது செத்தது. அது நம் அபிப்பிராயம் மட்டும் என்று ஒருவர் தள்ளிவிடலாம். ஆகவே ஃபிக்ஹின் வழியிலேயே பதில் சொல்வோம். எல்லாத் தரிசையும் மவாத்தாகக் கைப்பற்ற முடியாது. ஒரு கிராமத்தைச் சார்ந்த பொது இடங்கள் அதன் 'ஹரீம்'. மேய்ச்சல் நிலத்தையும் விறகு பொறுக்கும் இடத்தையும் அதில் சேர்த்த இமாம்களும் உண்டு. ஹரீமை எவரும் தனக்கெனத் திருத்திக்கொள்ள முடியாது. பொது நன்மைக்காக ஒதுக்கப்பட்ட 'ஹிமா'வும் அவ்வாறே. நபி (ஸல்) அவர்கள் நகீஃ என்ற இடத்தை ஹிமாவாக ஒதுக்கினார்கள். உமர் (ரலி) அவர்கள் ரபதாவை ஒதுக்கினார்கள். அரசு பாதுகாப்புக்காக ஒதுக்கிய காடு இவ்வகையைச் சேர்ந்தது என்பதே நம் கருத்து.

அன்றியும், செத்த பூமியைப் பற்றிய அதே ஹதீஸின் ஓர் அறிவிப்பில், அநியாயமான வேருக்கு உரிமையில்லை என்ற கருத்தும் சேர்ந்து வருகிறது. பிறருடைய நிலத்தில் மரத்தை நட்டுவிட்டு, நட்டுவிட்டேனே என்று உரிமை கொண்டாட முடியாது என்பது இதன் விளக்கம். ரியாவில் தெஸ்ஸோ நிலோ என்ற தேசியப் பூங்கா இருக்கிறது. யானைகளுக்காக 2004ல் அறிவிக்கப்பட்டுப் பின்னர் 80 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிவாக்கப்பட்டது. அதன் பெரும்பகுதியில் சட்டவிரோதமாகச் செம்பனை நட்டுவிட்டார்கள். அநியாயமான வேர் என்ற சொல் எவ்வளவு பொருத்தமாக அங்கே போய் நிற்கிறது, பாருங்கள்!

இந்தோனேசிய உலமாக்கள் இதில் மௌனமாயிருக்கவில்லை என்பதை மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டும். அந்நாட்டின் உலமா சபை 2014ல் வெளியிட்ட 4ஆம் எண் ஃபத்வா, அற்றுப்போகும் நிலையிலுள்ள விலங்குகளைத் தக்க ஷரீஅத் காரணமின்றிக் கொல்வதையும் வேட்டையாடி விற்பதையும் ஹராம் என்று தீர்ப்பளித்தது. 2015ன் பெருந்தீக்குப் பிறகு 2016ல் வந்த 30ஆம் எண் ஃபத்வா, பிறருக்குக் கேடு விளைவிக்கும்படி காட்டையும் நிலத்தையும் எரிப்பது ஹராம் என்றது. எரிப்பதோடு நிறுத்தவில்லை, அதற்கு வசதி செய்து கொடுப்பதும், கண்டும் காணாமல் விடுவதும், அதிலிருந்து இலாபம் அடைவதும் ஹராம் என்றது. தீயைத் தடுப்பதை வாஜிப் என்றது. உரிய நிபந்தனைகளோடு காட்டைப் பயன்படுத்துவது ஆகுமானதே என்பதையும் மறவாமல் சேர்த்தது.

ஃபத்வா வந்த பிறகும் 2019ல் எரிந்தது உண்மை. அதற்காக ஒன்றுமே மாறவில்லை என்பதும் நியாயமாகாது. 2016ல் சதுப்பு நிலங்களைச் சீரமைக்கத் தனி அமைப்பு உருவாக்கப்பட்டது. வெட்டிய கால்வாய்களைத் தடுத்து மீண்டும் நீர் தேக்கினார்கள். ஆதிக்காடுகளில் புதிய உரிமம் தருவதற்கு 2011ல் போட்ட தடை 2019ல் நிரந்தரமாக்கப்பட்டது. 2016க்குப் பிந்திய சில ஆண்டுகளில் காடழிவு குறையவும் செய்தது.

நம் அடுப்பங்கரையில் அந்த எண்ணெய்

உலகில் மிக அதிகமாகப் பாமாயில் வாங்கும் நாடு இந்தியா. இந்தோனேசியாவும் மலேசியாவும்தான் பெரும்பாலும் அனுப்புகின்றன. தமிழ்நாட்டின் ரேஷன் கடைகளில் பாமாயில் கிடைக்கிறது. பலகாரக் கடை, பிஸ்கட், குளிக்கும் சோப்பு எல்லாவற்றிலும் அது இருக்கிறது. இப்பாடத்தை நண்பர் சிலரிடம் பேசியபோது, "அப்படியானால் பாமாயில் ஹராமா, ஹஜ்ரத்?" என்று உடனே கேட்டுவிட்டார்கள்.

ஹராம் அன்று. எண்ணெய் தன்னளவில் சுத்தமானது, ஹலாலானது. எந்தத் தோட்டத்து எண்ணெய் என்று அறிய வழியில்லாமல் ரேஷனில் வாங்கும் குடும்பத்தின் மீது குற்றமில்லை. ஹலாலை ஹராமாக்க நமக்கு அதிகாரம் கிடையாது. பாமாயிலை விட்டு வேறு எண்ணெய்க்கு மாறினால் தீர்ந்தது என்பதும் சரியான கணக்கன்று. ஒரு ஹெக்டேரில் செம்பனை தரும் எண்ணெயைச் சோயாவிலிருந்து எடுக்கப் பலமடங்கு நிலம் வேண்டும். அப்போது வேறொரு நாட்டுக் காடு விழும். இந்தோனேசியச் செம்பனைத் தோட்டங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு சிறு விவசாயிகளுடையது. அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள், அதில்தான் மகளின் நிக்காஹும் மகனின் படிப்பும் நடக்கின்றன.

இவ்விடத்தில் உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு நமக்கு வழிகாட்டுகிறது. ஹிமாவைக் காக்க ஹுனைய் என்பவரை நியமித்தபோது, சில ஒட்டகமும் சில ஆடும் வைத்திருக்கும் ஏழையை உள்ளே விடும்படியும், பெருஞ்செல்வர்களின் மந்தைகளை விடாமல் எச்சரிக்கையாயிருக்கும்படியும் சொன்னார்கள். அச்செல்வர்கள் மூத்த ஸஹாபாக்களாயிருந்தும் அப்படிச் சொன்னார்கள். செல்வரின் மந்தை அழிந்தால் அவருக்குத் தோட்டமும் வயலும் இருக்கிறது, ஏழைக்கு அது போனால் எல்லாம் போயிற்று என்று காரணமும் கூறினார்கள். காட்டைக் காப்பதாகச் சொல்லி ஏழையை மட்டும் துரத்திவிட்டுக் கம்பெனிக்குக் கதவு திறப்பவர்களும், ஏழையின் பெயரைச் சொல்லிக் கம்பெனிக்காகக் காட்டை எரிப்பவர்களும் இந்தச் செய்தியைப் படிக்க வேண்டும்.

நம் சமுதாயத்தில் எண்ணெய் மொத்த வியாபாரம் செய்வோர், சோப்பும் பிஸ்கட்டும் தயாரிப்போர் இருக்கிறார்கள். வாங்கும் எண்ணெய் எந்த ஆலையிலிருந்து, எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறது என்று கேட்க அவர்களால் முடியும். காடழிக்காமல் விளைந்ததென்று சான்று பெற்ற பாமாயிலும் சந்தையில் உண்டு. அதற்கென ஓர் அமைப்பு 2004லிருந்து இயங்குகிறது. அதன் கண்காணிப்பில் குறைகள் இருப்பதாகச் சொல்வோரும் உண்டு; ஆனாலும் கேட்டு வாங்குபவர், கேளாமல் வாங்குபவரைப் போல ஆகமாட்டார். எரித்த காட்டு எண்ணெய் என்று தெளிவாகத் தெரிந்த பின்னும் விலை குறைவென்று வாங்கி விற்பவர், 2016 ஃபத்வாவின் 'இலாபம் அடைதல்' என்ற வார்த்தைக்குள் தாம் வருகிறோமா என்று தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

நம் ஊர்களிலும் மழை பொய்க்கும் ஆண்டுகளில் இஸ்திஸ்கா தொழுகிறோம். ஜமாஅத் நிர்வாகிகள் திடலையும் ஒலிபெருக்கியையும் ஏற்பாடு செய்வதற்கு முன், மூன்று நாள் நோன்பின்போது ஜும்ஆ மேடையிலோ மஹல்லாக் கூட்டத்திலோ மளாலிம் பாடத்தையும் ஓதிக் காட்டலாம். தூர்ந்த குளம், அடைபட்ட வாய்க்கால், வளைக்கப்பட்ட மேய்ச்சல் நிலம் என்று ஒவ்வோர் ஊரிலும் கணக்கு இருக்கும். கிணறு, வாய்க்கால், ஆறு ஆகியவற்றின் ஹரீம் எத்தனை முழம், அதற்குள் கட்டிடம் எழுப்பலாமா என்பன போன்ற சட்டங்களை, இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதப் பாடத்தில் பார்ப்போம்.